ஒற்றர் படமும் தணிக்கைக் கத்தரியும்

ஒற்றாடல் என்பது தமிழருக்குப் புதிய பொருளன்று. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆயின், ஒற்றன் திரைப்படத்தில் தோன்றும்போது அவன் வேவு பார்க்கும் பகைவன் யாராகக் காட்டப்படுகிறான் என்னும் வினா உடன் எழுகின்றது. 2013 சனவரியில் 'விஸ்வரூபம்' திரைப்படத்தை முன்னிட்டு அவ்வினாவே தமிழகத்தில் பெரும் பூசலாயிற்று.

கமல்ஹாசன் இயக்கி நடித்த அப்படத்தில், நியூயார்க்கில் கதக் ஆசிரியராக வாழும் விசாம் அகமது காஷ்மீரி உண்மையில் இந்திய உளவுத்துறையைச் சேர்ந்தவர். அவரும் ஒரு முஸ்லிமே. எனினும் ஆப்கானிஸ்தான் காட்சிகளில் தொழுகையும் திருமறை ஓதலும் கொலைச்செயலோடு அடுத்தடுத்து வைக்கப்பட்டமை நம்மவர் பலரையும் புண்படுத்தியது. முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. மாவட்ட ஆட்சியர்கள் 144ஆம் பிரிவின்கீழ் ஆணையிட, இரு வாரங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. சனவரி 25இல் பிற மாநிலங்களில் படம் வெளிவந்தது. இங்கிருந்து எல்லை தாண்டிக் கேரளம் சென்று பார்த்து வந்தோரும் உண்டு. சனவரி 29இல் உயர்நீதிமன்றத் தனிநீதிபதி தடையை நிறுத்திவைத்தார். மறுநாளே இருநீதிபதிகள் அமர்வு அவ்வாணையை விலக்கியது. இறுதியில் பிப்ரவரி 2ஆம் நாள் நடந்த பேச்சில், ஏழு இடங்களில் ஒலியை அடக்கவும் காட்சியைக் குறைக்கவும் உடன்பாடு ஏற்பட்டு, 7ஆம் நாள் படம் தமிழகத்தில் திரைக்கு வந்தது.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அப்படம் முன்னரே 'யு/ஏ' சான்று பெற்றிருந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டுதலுடன் காணலாம் என்பதே அதன் பொருள். நம்மவரின் மனக்குறையோ வயதைப் பற்றியதன்று. அறுபது வயதுப் பெரியவருக்கும் அதே காட்சி அதே வருத்தத்தைத் தந்தது. 1991ஆம் ஆண்டின் தணிக்கை வழிகாட்டு நெறிகளில், சமயக் குழுவினரை இழிவுபடுத்தும் காட்சியும் சொல்லும் இடம்பெறலாகாது என்ற விதி இருக்கிறது. அவ்விதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாரியம் அப்படத்தைக் கடத்திவிட்டது. வாரியத்தின் கண் வேறு, நம் கண் வேறு என்பது தவிர இதற்கு வேறென்ன விளக்கம் கூற இயலும்?

சான்று பெற்ற படத்தை அரசு நிறுத்தலாமா என்பது வேறு வினா. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப்பட வழக்கில் 1989இல் உச்சநீதிமன்றம், போராட்டம் நிகழும் என்ற அச்சுறுத்தலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அதற்கும் முன்னே, க்வாஜா அகமது அப்பாஸ் தம் ஆவணப்படத்திற்கு 'ஏ' சான்று அளிக்க முற்பட்டதையும், 'யு' வேண்டுமாயின் வெட்டுக என்றதையும் எதிர்த்து வழக்காடினார். 1970இல் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய தீர்ப்பு முன்தணிக்கையை ஏற்றது. எனினும் தணிக்கை தெளிவான நெறிகளுக்கு உட்பட்டே நடைபெறவேண்டும் என வரம்பும் கட்டியது. எதிர்த்தவரும் தீர்ப்புரைத்தவரும் நம் சமுதாயத்தவர் என்பதை மாணவர்கள் அறிந்துவைத்தல் நன்று.

வெட்டுக்கும் வயது வரம்புக்கும் உள்ள உறவு சில வேளை வேடிக்கையானது. ஜேம்ஸ் பாண்ட் படமான 'கோல்டன் ஐ' 1995இல் இங்கிலாந்தில் பன்னிரண்டு வயதினரும் காணத்தக்க சான்றுக்காகக் குறைக்கப்பட்டது. பின்னர் வெட்டின்றி வெளிவந்தபோது வயது பதினைந்தாயிற்று. 2015இல் 'ஸ்பெக்டர்' இந்தியாவுக்கு வந்தபோது முத்தக் காட்சிகளின் நீளம் குறைக்கப்பட்டது. கொலைகளின் எண்ணிக்கையை எவரும் குறைக்கவில்லை! தமிழகத்திலோ வரியும் கத்தரியானது. தமிழ்ப்பெயர் சூட்டிய படங்களுக்கான கேளிக்கை வரிவிலக்கைப் பெற 'யு' சான்றும் வேண்டும் என 2011இல் விதித்தனர். 2017இல் சரக்கு சேவை வரி வரும்வரை, தயாரிப்பாளர் தம் படத்தைத் தாமே வெட்டிக்கொள்ள அது போதுமான காரணமாயிருந்தது.

1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'யு', 'ஏ' என்ற இரண்டே இருந்தன. 1983இல் 'யு/ஏ', 'எஸ்' ஆகியன சேர்ந்தன. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் 'யு/ஏ'வை 7, 13, 16 என மூன்றாகப் பகுத்தது. இது நல்ல மாற்றம் என்பதே என் கருத்து. வெட்டுவதைவிட 'இவ்வயதினர்க்கு ஏற்றது' என்று சொல்லிவிடுதல் மேல். ஆயினும் 2013இல் எழுந்த மனக்குறைக்கு இம்மூன்று எண்களுள் எதுவும் விடையாகாது.

சுவடி பதிப்பிப்போர் பாடபேதத்தை அடிக்குறிப்பிற் காட்டுவர். சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவர். திரையில் அவ்வழக்கம் இல்லை. நீக்கங்கள் சான்றிதழின் பிற்பகுதியில் குறிக்கப்படினும் அரங்கில் அமர்ந்திருப்போர் அதனைப் படிப்பதில்லை. ஒலி அடங்கிய இடத்தில் என்ன இருந்ததென அறியாதவன், அதைவிடக் கொடியதாகவும் எண்ணிக்கொள்ளக்கூடும்.

அண்மையில் அறந்தாங்கிப் பக்கத்து மாணவர் ஒருவர் வகுப்பில் எழுந்தார். படம் வந்தபோது அவருக்கு வயது எட்டு. "ஐயா, நம்மவர் எதிர்த்தது எந்தக் காட்சியை?" என்று வினவினார். நான் விளக்கத் தொடங்கினேன். பின்வரிசையில் இருந்தவர் அதை மறுத்தார்; மற்றொருவர் அவரை மறுத்தார். மணி அடித்த பின்னும் எவரும் எழவில்லை.