எலிவேட்டர் பெல்ட்டுக்கு ஒரு காவல்

பருப்பு மில், மாவு மில், அரிசி ஆலை நடத்தும் நமது உறுப்பினர்கள் எலிவேட்டரைத் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் கண்ணில் படுவது வெளித் தகரக் கூடு மட்டுமே. உள்ளே பெல்ட் நேராக ஓடுகிறதா, ஒரு பக்கம் ஒதுங்கி உரசுகிறதா என்பது வெளியே தெரியாது. உரசினால் சூடு, கூட்டுக்குள் எப்போதும் தானியத் தூசி பறந்துகொண்டிருக்கிறது. ஒரு பொறி போதும்.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து வெஸ்ட்வீகோ என்னும் ஊரில் 1977 டிசம்பர் 22 அன்று தானியக் கிடங்கு ஒன்று தூசியால் வெடித்து 36 பேர் மாண்டனர். ஐந்தே நாளில் டெக்சாசின் கால்வெஸ்டனில் இன்னொன்று வெடித்தது. பத்தாண்டு கழித்து, 1987 இறுதியில், அந்நாட்டு அரசு விதி கொண்டுவந்தது. பெரிய கிடங்குகளின் எலிவேட்டரில் பெல்ட் விலகினால் காட்டும் கருவி வேண்டும். பெல்ட்டின் வேகம் 20 சதவீதம் குறைவதற்குள் இயந்திரம் தானே நிற்க வேண்டும். கூட்டுக்குள் இருக்கும் பேரிங்குகளை அதிர்வு, வெப்பம் போன்ற ஏதாவது ஒரு வழியில் கண்காணிக்க வேண்டும்.

வேகம் பார்க்கும் சென்சாரைக் கீழ்ப் புல்லியின் தண்டில் பொருத்துவதே முறை. மேல் புல்லியை மோட்டார் சுற்றுகிறது. சரக்கு அடைத்து பெல்ட் வழுக்கி நின்றாலும் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கீழ்ப் புல்லியைச் சுற்றுவது பெல்ட். ஆகவே உண்மை நிலை அங்கேதான் தெரியும். தண்டோடு சுற்றும் போல்ட் தலை ஒன்று சென்சாரைத் தொடாமல் அருகே கடந்து போகும். ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு. துடிப்புகளுக்கிடையே நேரம் நீண்டால் வேகம் குறைகிறது என்று பொருள்.

பேரிங் விஷயம் வேறு. குண்டு ஓடும் பாதையில் ஊசிமுனைக் குழி விழுந்தாலும் ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது ஒரு தட்டு விழும். கையை வைத்துப் பார்த்தால் தெரியாது; அதிர்வு மீட்டர் சொல்லிவிடும். கைக்குச் சூடு தெரியும் நேரத்தில் பேரிங் பெரும்பாலும் போயிருக்கும். சுமார் 20 குதிரைத்திறன் வரையுள்ள மோட்டார்களில் அதிர்வு நொடிக்கு 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆபத்து என்று 1995இல் வந்த சர்வதேச அளவுகோல் வகுத்தது. ஆனால் ஒரு நாள் அளவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அதே இடம், அதே சுமை, மாதம் ஒரு முறை. பேரேட்டில் எழுதுவது போல் எழுதி வைத்தால் ஏற்றம் தானாகத் தெரியும். மெதுவாகச் சுற்றும் கீழ்ப் புல்லியின் பேரிங்குக்கு மட்டும் இந்த அளவு அவ்வளவாக உதவாது. அதற்கு வெப்ப சென்சாரே நல்லது.

முதலில் எதை வாங்குவது என்றால், கீழ்ப் புல்லி சென்சாரைத்தான் சொல்வேன். பொருத்தும் எலெக்ட்ரீஷியனிடம் ஒன்றைக் கேளுங்கள்: அது மோட்டாரை நிறுத்துமா, விளக்கை மட்டும் எரிக்குமா? சீசன் நேரத்தில் அடிக்கடி நிற்கிறது என்று வயரைக் கழற்றி வைத்த மில்களும் உண்டு.