உங்களுக்குத் தெரியுமா? மொட்டை மாடி வானியல்

★ யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் ஓர் இசைக்கலைஞர். இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலய ஆர்கன் வாசித்துப் பிழைத்த வில்லியம் ஹெர்ஷல், 1781 மார்ச் 13 அன்று வீட்டுத் தோட்டத்தில் நின்று, தானே செய்த தொலைநோக்கியில் அதைப் பார்த்தார். வால்மீன் என்றுதான் முதலில் நினைத்தார். தொலைநோக்கிக்கான உலோக ஆடியை மெருகேற்றும்போது கையை எடுக்கக் கூடாது என்பதால், ஒரு முறை 16 மணி நேரம் விடாமல் தேய்த்தாராம். தங்கை கரோலின் பக்கத்தில் நின்று உணவை ஊட்டிவிட்டார். அண்ணனுக்கு ஊட்டிய அந்தத் தங்கை பிற்பாடு எட்டு வால்மீன்களைக் கண்டுபிடித்தது தனிக்கதை.

★ தொலைநோக்கிக்கு வேண்டிய ஆடியை இன்றும் வீட்டிலேயே தேய்த்துச் செய்கிறவர்கள் உண்டு. இரண்டு வட்டக் கண்ணாடித் துண்டுகள், நடுவில் கார்போரண்டம் தூள், கொஞ்சம் தண்ணீர். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துத் தேய்க்கத் தேய்க்க, மேலே இருப்பது குழியும். கீழே இருப்பது புடைக்கும். கடைசியில் அந்தக் குழிவில் இருக்கக்கூடிய பிசகு, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிடக் குறைவு. அதுவும் வெறுங்கையால்!

★ உலகெங்கும் அமெச்சூர்கள் பயன்படுத்தும் 'டாப்சோனியன்' தொலைநோக்கி ஒரு துறவியின் பெயரைத் தாங்கியது. ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ணர் மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் இருந்தவர். அட்டைக் குழாய், பழைய கண்ணாடி, மரப்பலகை என்று கிடைத்ததை வைத்து மடத்திலேயே தொலைநோக்கி செய்தார். ஊருக்குக் காட்டுவதற்காக அடிக்கடி வெளியே போனது மடத்துக்குப் பிடிக்கவில்லை, 1967-இல் வெளியேற்றப்பட்டார். அதன் பிறகு நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்தி, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். அந்த வடிவமைப்புக்கு அவர் காப்புரிமை வாங்கவே இல்லை.

★ ராதாகோபிந்த சந்திரா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வங்காளத்தின் ஜெசூரில் அரசுக் கருவூலக் குமாஸ்தா. பகலில் கணக்கு, இரவில் வானம். 1918-இல் அக்விலா மண்டலத்தில் திடீரென்று வெடித்து ஒளிர்ந்த நோவாவைத் தாமாகவே கண்டவர். ஒளி கூடிக் குறையும் மாறு விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் பார்த்து, 37,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை அமெரிக்க மாறு விண்மீன் நோக்கர்கள் சங்கத்துக்கு அனுப்பினார். இடையிலேயே அவர்கள் மனம் நெகிழ்ந்து, 1926-இல் ஒரு 6 அங்குலத் தொலைநோக்கியைக் கப்பலேற்றி அனுப்பிவைத்தார்கள். அவர் பார்வையிடுவதை நிறுத்திய பிறகு அது வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, கடைசியில் நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகத்தை அடைந்தது. என்னைக் கேட்டால், காவலூரின் பெரிய தொலைநோக்கிக்குக் கொடுக்கும் மரியாதையை இந்தக் குட்டிக்கும் கொடுக்க வேண்டும்.

★ ஓரியன் நெபுலாவை முதன்முதலில் படமெடுத்தவர் ஹென்றி டிரேப்பர் என்ற நியூயார்க் மருத்துவர். 1880 செப்டம்பர் 30. தகட்டில் ஒளி விழ 51 நிமிடங்கள் ஆயின. இன்று ஒரு டிஜிட்டல் கேமராவும் ட்ரைபாடும் இருந்தால் சில வினாடிகளிலேயே அந்தப் புகைத்திட்டு தெரிந்துவிடும்.

★ விண்மீன் படமெடுப்பவர்கள் லென்ஸ் மூடியை மாட்டிக்கொண்டும் படம் எடுப்பார்கள்! கிறுக்கல்ல. கேமராவின் சென்சார் சூடாகும்போது ஒளியே இல்லாமலும் புள்ளிகள் தோன்றும். மூடி போட்டு எடுத்த இருட்டுப் படத்தில் அந்தப் புள்ளிகள் மட்டும் பதியும். உண்மையான படத்திலிருந்து இதைக் கழித்துவிட்டால் அழுக்கு போய்விடும். இன்னொரு வித்தை, ஒரே காட்சியைப் பல முறை எடுத்து ஒன்றாக அடுக்குவது. 100 படங்களை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிறது.

★ துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும்? உங்கள் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. லண்டனில் 51 டிகிரி, சென்னையில் 13, கன்னியாகுமரியில் வெறும் 8. மணிக்கு 15 டிகிரி நகரும் வானத்தோடு கேமராவும் திரும்ப வேண்டுமென்றால், அதன் தாங்கியைத் துருவத்தை நோக்கி நிறுத்த வேண்டும். நம் மொட்டை மாடிகளில் அந்த நட்சத்திரத்தைப் பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிடுகிறது. என் மாடியில் ஒரு தென்னை மரம். பல வருடமாக எனக்கும் அதற்கும் ஆகாது.

★ துருவ நட்சத்திரம் இப்படித் தாழ்ந்து நிற்கும் இழப்புக்கு ஈடும் உண்டு. லண்டன்காரர் தன் ஊரில் நின்று ஒருநாளும் பார்க்க முடியாத தென் சிலுவை, ஏப்ரல், மே மாத இரவுகளில் நம் தெற்கு வானில் நிற்கும். அருகிலேயே ஒமேகா சென்டாரி. ஏறத்தாழ 1 கோடி விண்மீன்கள் திரண்ட கொத்து. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே மங்கிய பஞ்சுபோலத் தெரியும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாகும். அதுவரை செல்போனை எடுக்காதீர்கள். வெளிச்சம் வேண்டுமானால் சிவப்பு டார்ச்.

★ அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் பூட்டு, சாவி வேலை செய்யும் விக்டர் பூசோ, 2016 செப்டம்பரில் புதுக் கேமராவைச் சோதித்துப் பார்க்க ஏதோ ஒரு கேலக்ஸியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவர் படமெடுத்த ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே ஒரு விண்மீன் வெடித்து, சூப்பர்நோவாவின் முதல் ஒளி அவர் கேமராவில் சிக்கிக்கொண்டது. பெரிய ஆய்வகங்கள் தவம் கிடந்தும் அமையாத காட்சி!

★ ஆருத்ரா தரிசனத்தோடு நாம் இணைத்துப் பேசும் திருவாதிரை விண்மீன், 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரை ஊரே கவனிக்கும் அளவுக்கு மங்கியது. வெடிக்கப்போகிறது என்று வதந்தி. அது கக்கிய தூசிதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த நாட்களில் கருவி எதுவும் இல்லாமல், பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் ஒளியைக் குறித்துவைத்தவர்களில் அமெச்சூர்கள் ஏராளம். நீங்களும் செய்யலாம், வேண்டியது ஒரு நோட்டும் பேனாவும்.

★ 2019 டிசம்பர் 26-இல் கோவை, திண்டுக்கல் பக்கம் தெரிந்த கங்கண சூரிய கிரகணத்தைத் தவறவிட்டவர்களுக்கு: 2031 மே 21 அன்று தென் தமிழகத்தில் இன்னொன்று வருகிறது. கிரகணக் கண்ணாடி வாங்கிவிடுங்கள். எக்ஸ்ரே ஃபிலிம் வேண்டவே வேண்டாம்.