பேரேட்டில் ஏறாத செலவு

கடை வாடகை, மின்கட்டணம், வண்டிக்கூலி, ஆள் சம்பளம் எல்லாவற்றையும் நாம் பேரேட்டில் ஏற்றிவிடுகிறோம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன் கல்லாவில் உட்காருகிறான். மனைவி பருப்பையும் மிளகாயையும் வீட்டில் பொட்டலம் கட்டித் தருகிறார். இதற்கு எந்தக் கணக்கில் பற்று எழுதுகிறோம்? "வீட்டு ஆள்தானே, செலவில்லை" என்று விட்டுவிடுகிறோம்.

இந்தக் கணக்கு தவறு என்பதை விளங்க வைத்தவர் அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் கேரி பெக்கர். 1930இல் பென்சில்வேனியா மாநிலத்தில் பாட்ஸ்வில் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். அவருடைய தந்தையாரும் நம்மைப் போன்ற சிறு வியாபாரியே. சம்பாதிக்கும் ஆவலில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பின்னாளில் தந்தையாருக்குப் பார்வை மங்கியபோது பங்கு விலைகளை மகனே படித்துக் காட்டினார். அந்த மகன்தான் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியராகி, 1992இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். 2014இல் காலமானார்.

1964இல் வெளிவந்த 'மனித மூலதனம்' என்ற நூலில், படிப்பும் பயிற்சியும் முதலீடு என்றார் அவர். கடைக்குக் குளிர்பெட்டி வாங்குவதுபோல, இன்று பணம் போட்டுப் பல ஆண்டுகள் பலன் எடுப்பது. அந்த முதலீட்டில் கல்லூரிக் கட்டணம் ஒரு பகுதிதான். படிக்கும் காலத்தில் சம்பாதிக்காமல் விட்ட தொகையும் அதில் சேரும். நேரத்துக்கும் விலை உண்டு, வீடும் ஒரு சிறு தொழிற்சாலை போன்றதே என்று 1965இல் எழுதினார்.

இதை நம் கடைக்குப் பொருத்திப் பார்ப்போம். மாதம் 30,000 ரூபாய் இலாபம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மகனுக்குப் பதில் ஆள் வைத்தால் 12,000. பொட்டலம் கட்டும் கூலி 6,000. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 12,000. காலை ஆறு முதல் இரவு பத்து வரை நிற்கும் முதலாளியின் உழைப்பும் இதற்குள்தான் அடங்க வேண்டும்!

ஆக, மகன் கடையில் இருப்பதால் மிச்சமாவது ஓர் ஆளின் சம்பளமே. மேலே படித்தால் அவன் பிற்காலத்தில் ஈட்டக்கூடியதை அதோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அவனுக்கு வியாபாரத்திலேயே நாட்டம் என்றால் மிக நல்லது. அப்போதும் கொள்முதல் நுணுக்கம், ஜி.எஸ்.டி. கணக்கு, கணினிப் பட்டியல் எல்லாம் முறையாகக் கற்றுக் கொடுப்பதும் முதலீடே.

பிள்ளைகளைச் சரக்குபோல் எடைபோடுவதா என்று சிலர் கேட்கலாம். மனிதரை இயந்திரமாக எண்ணுவதாகச் சொல்வார்களோ என்று பெக்கரே தம் நூலுக்குப் பெயரிடத் தயங்கினார். பாசத்துக்கு விலை போட யாரும் சொல்லவில்லை. பாசத்தின் பேரில் வாங்கும் உழைப்பை இலவசம் என்று எண்ண வேண்டாம் என்பதே செய்தி.

இவ்வாண்டுக் கணக்கு முடிக்கும்போது 'வீட்டு உழைப்பு' என்று தனியாக ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு, மகனை அருகில் உட்காரவைத்து அவன் விருப்பத்தையும் கேளுங்கள்.