கூந்தல் நீளமாக வளர வேண்டுமா?

காலை 8 மணி. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. தாய் தன் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். சீப்பை இழுக்கிறாள். சீப்போடு ஒரு கொத்து முடி வருகிறது.

"ஐயையோ! என்னடி இது, இப்படிக் கொட்டுதே!" என்று பதறுகிறாள் தாய்.

"போன வருஷம் இடுப்பைத் தொட்ட சடை. இப்போ எலிவால் மாதிரி ஆயிடுச்சு. ஊர்க் கண்ணு பூரா இவ தலையிலேதான்" என்கிறாள் திண்ணையில் இருக்கும் பாட்டி.

மகள் பேசவில்லை. அவள் கண்ணில் நீர் தளும்புகிறது.

அன்று மாலை அவளுக்குத் திருஷ்டி கழிக்கிறார்கள். மறுநாள் கடையில் இருந்து ஒரு எண்ணெய் பாட்டில் வருகிறது. பாட்டிலின் மேல் முழங்கால் வரை கூந்தல் உள்ள ஒரு பெண்ணின் படம். விலை 300 ரூபாய். ஒரு மாதத்தில் பாட்டில் காலி. முடி கொட்டுவது மட்டும் நிற்கவில்லை!

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதுதான். கூந்தல் எப்படி வளருகிறது, ஏன் உதிருகிறது என்பது தெரிந்தால் வீண் செலவும் இல்லை. வீண் கண்ணீரும் இல்லை.

மாதம் அரை அங்குலம்

மனிதனின் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடியும் மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளரும். வருடத்துக்கு 6 அங்குலம்.

ஒரு முடி 2 வருடம் முதல் 6 வருடம் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பிறகு வளர்ச்சி நின்றுவிடும். சுமார் 3 மாதம் சும்மா இருக்கும். அப்புறம் உதிர்ந்துவிடும். அதே இடத்தில் புது முடி முளைக்கும்.

எனவே தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 வருடம் மட்டுமே வளரும் முடி 12 அங்குலத்தோடு நின்றுவிடும். 6 வருடம் வளரும் முடி 36 அங்குலம் வரும். இந்த வித்தியாசம் பிறவியிலேயே அமைவது. தாய் வழியிலோ, தந்தை வழியிலோ வருவது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு முழங்கால் வரை வளர்ந்தால் நமக்கும் வளரும் என்று சொல்ல முடியாது.

18 அடிக் கூந்தல்!

சீனாவில் சீ சியுபிங் என்று ஒரு பெண்மணி. 1973ஆம் ஆண்டில், 13 வயதில், முடி வெட்டுவதை நிறுத்தினார். 2004ஆம் ஆண்டில் அவருடைய கூந்தலை அளந்தார்கள். 18 அடிக்கு மேல் இருந்தது! கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது.

இது லட்சத்தில் ஒருவருக்குக்கூடக் கிடைக்காத அமைப்பு. ஆனால் மற்றவர்கள் மனம் தளர வேண்டாம். பிறவியில் கிடைத்த நீளத்தைக்கூடப் பலர் முழுதாக அடைவதில்லை. காரணம், முடி பாதியில் ஒடிந்துபோவதுதான். அதைத் தடுக்க நம்மால் முடியும்.

நுனிக்கு வயது 5

முடிக்கு உயிர் தோலுக்கு உள்ளே, வேரில் மட்டுமே இருக்கிறது. வெளியே வந்த முடிக்கு உயிர் இல்லை. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. அதனால்தான் கெட்டுப்போன முடி தானாகக் குணமாவதும் இல்லை.

ஒரு பெண்ணின் சடை 30 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியில் இருக்கும் முடி முளைத்து 5 வருடம் ஆகிவிட்டது. 5 வருட வெயில், 5 வருட சீப்பு, 5 வருட ரிப்பன் முடிச்சு! அத்தனையும் தாங்கிய நுனி அது. ஒரு சேலையை 5 வருடம் தினமும் கட்டினால் என்ன ஆகும்? ஓரம் பிரிந்துவிடும் அல்லவா? முடியின் நுனி பிளவுபடுவதும் அப்படித்தான்.

அதனால் நீளமாக வளர்க்க விரும்புகிறவர்கள் சில மாதங்களுக்கு ஒரு முறை நுனியை மட்டும் அரை அங்குலம் கத்தரித்துவிடுவது நல்லது. பிளவு மேலே ஏறாமல் தடுக்க இது உதவும்.

"நுனியை வெட்டினால் வேகமாக வளரும்" என்பார்கள். அது சரியல்ல. நுனியில் நடப்பது வேருக்குத் தெரியாது. "மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும்" என்பதும் அப்படியே. மொட்டைக்குப் பிறகு முளைக்கும் முடியின் முனை மழுங்கி இருக்கும். அதனால் தொட்டால் தடிப்பாகத் தெரியும். அவ்வளவுதான். நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடலாம். அடர்த்திக்காகப் போட வேண்டாம்.

எண்ணெய் செய்வது என்ன?

எண்ணெய் தேய்த்தால் முடி வேகமாக வளருமா? வளராது. அப்படியானால் பாட்டிமார் சொன்னது பொய்யா? அதுவும் இல்லை!

முடி ஒரு வகைப் புரதத்தால் ஆனது. தலைக்குக் குளிக்கும்போதும், வாரும்போதும் அந்தப் புரதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்தில் இருந்து எடுக்கும் மினரல் எண்ணெய் ஆகிய மூன்றையும் இந்திய ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2003ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. புரதம் தேய்வதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அது முடியின் உள்ளே புகுந்து காப்பாற்றுகிறது.

ஆகவே எண்ணெய் முடியை வளர்ப்பதில்லை. வளர்ந்த முடியைக் காக்கிறது. அதற்குச் சாதாரணத் தேங்காய் எண்ணெயே போதும். குளிப்பதற்குச் சிறிது நேரம் முன்பு, நடுமுடியிலும் நுனியிலும் நன்றாகத் தடவ வேண்டும்.

பொடுகு உள்ளவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். பொடுகுக்குக் காரணமான நுண்ணுயிர் எண்ணெயைத் தின்று பெருகும். அவர்கள் தலைத் தோலில் எண்ணெயை இரவு முழுவதும் ஊற வைக்கக் கூடாது.

சீயக்காயா? ஷாம்பா?

செவ்வாய், வெள்ளி என்றால் எண்ணெய்க் குளியல். சீயக்காய் அல்லது அரப்பு. பிறகு சாம்பிராணிப் புகை. இது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். சீயக்காயில் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் இருக்கிறது. அதுதான் அழுக்கை எடுக்கிறது. உசிலை மரத்தின் இலைப் பொடியே அரப்பு. சீயக்காயை நைசாக அரைத்துச் சலிக்க வேண்டும். திப்பி இருந்தால் முடியில் சிக்கிக்கொள்ளும். கண்ணில் பட்டால் எரியும்.

ஷாம்பு என்பது மேல்நாட்டுச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அது இந்தியச் சொல்! பிடித்துவிடுவதற்கு இந்தியில் சொல்லும் சொல்லில் இருந்து வந்தது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகம்மது என்பவர், 1810களில் இங்கிலாந்தில் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் வைத்து அந்தச் சொல்லைப் பரப்பினார். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோகும் வழியைக் காட்டியவரோ நம் கடலூர் சின்னிகிருஷ்ணன்.

எதைப் போட்டாலும் குற்றம் இல்லை. தலைத் தோலில் மட்டும் தேய்த்தால் போதும். வழிந்து வரும் நுரையே நீள முடியைச் சுத்தம் செய்துவிடும். துணியைக் கசக்குவதுபோல் முடியைக் கசக்கக் கூடாது.

ஈரத் தலை, இறுக்கிய சடை

ஈர முடி ரப்பர் போல இழுபடும், சட்டென்று அறுந்துவிடும். எனவே ஈரத் தலையில் பேன் சீப்பைப் போட்டு இழுக்க வேண்டாம். துண்டால் அடித்து உதற வேண்டாம். துண்டில் சுற்றி ஒற்றி எடுங்கள். முக்கால் பங்கு காய்ந்த பிறகு, பல் அகன்ற சீப்பால் சிக்கு எடுங்கள். முதலில் நுனி, பிறகு நடு, கடைசியில் உச்சி. உச்சியில் இருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் நுனியில் போய்க் கட்டிக்கொள்ளும்.

பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு இரட்டைச் சடை அழகுதான். ஆனால் நெற்றித் தோல் இழுபடும்படி பின்னக் கூடாது. வருடக் கணக்கில் இறுக்கினால் நெற்றி ஓரத்து முடியின் வேரே செத்துவிடும். பிறகு அங்கே முளைக்காது. "வலிக்குதும்மா" என்று குழந்தை சொன்னால் உடனே தளர்த்திவிடுங்கள்.

பேன் வந்தால்?

பேன் வருவது அவமானம் அல்ல. சுத்தமான தலையிலும் வரும். பேன் தாவாது, பறக்காது. தலையோடு தலை ஒட்டினால் ஏறும். ஒரு பெண் பேன் தினமும் 6 முதல் 10 ஈர் வரை இடும். அவை பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் பேன் மருந்தை ஒரு முறை போட்டு விட்டுவிட்டால் பயன் இல்லை. பெரும்பாலான மருந்துகளைச் சுமார் ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை போட வேண்டும். வீட்டில் எல்லோர் தலையையும் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம்! அது தோலைப் புண்ணாக்கும். அடுப்பருகே போனால் உயிருக்கே ஆபத்து.

கண் இமையில் தெரிந்த காரணம்

இனி அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணிடம் வருவோம்.

ஒரு நாள் காலை, பிரார்த்தனை நேரத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. ஆசிரியை அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். பெண் டாக்டர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்திருந்தது. இரத்தத்தைச் சோதித்தார்கள். 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது.

"காலையிலே என்னம்மா சாப்பிடுறே?" என்று டாக்டர் கேட்டார்.

"டீ மட்டும் டாக்டர். பஸ்ஸுக்கு நேரமாயிடும்."

"மாத விலக்கு எத்தனை நாள்?"

"எட்டு நாள்..."

முடி கொட்டிய காரணம் வெளிவந்துவிட்டது! இரத்தச் சோகை.

உடலில் இரும்புச் சத்து குறைந்தால் உடல் முதலில் இதயத்தையும் மூளையையும் காக்கப் பார்க்கும். கூந்தல் இல்லாமல் உயிர் வாழலாம் அல்லவா? அதனால் கூந்தலுக்குப் போகும் பங்கு முதலில் குறையும். இந்தப் பெண் தனியாள் அல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது.

இதற்கு மருந்து எண்ணெய் பாட்டிலில் இல்லை. சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. முருங்கைக்கீரை, பயறு, சுண்டல், முட்டை, மீன், ஈரல் இவற்றில் இரும்பும் புரதமும் உண்டு. கூடவே ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சம்பழச் சாறோ சேர்த்தால் இரும்பு உடலில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் சரியாக ஒட்டாது. அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு முறை இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். பெண்கள் அதைத் தூக்கி எறியக் கூடாது.

பிள்ளை பெற்ற தாய்க்கு

பிரசவம் ஆகி 2 முதல் 4 மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிரலாம். "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும்" என்பார்கள். குழந்தையின் சிரிப்பு காரணம் அல்ல. கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடியெல்லாம் சேர்ந்து உதிருகிறது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாக வளர்ந்துவிடும். டைபாய்டு, டெங்கு போன்ற கடும் காய்ச்சலுக்கு 2, 3 மாதம் கழித்து உதிர்வதும் இப்படித்தான்.

ஆனால் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலையில் புண், சீழ் இருந்தாலோ, 6 மாதத்துக்கு மேலும் உதிர்வது நிற்காவிட்டாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். தைராய்டுக் கோளாறும் காரணமாக இருக்கலாம்.

அவசரம் வேண்டாம்

அந்தப் பெண் மாத்திரை சாப்பிட்டாள். தாய் இப்போது காலை 7 மணிக்கே இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் வைத்துவிடுகிறாள். பாட்டி வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுக்கிறாள். முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது மாதம், நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாகப் புது முடி நிமிர்ந்து நின்றது.

"பாட்டி, இங்கே பாருங்களேன்!" என்று கண்ணாடி முன் நின்று கூவினாள் பெண்.

அந்தக் குட்டி முடி இடுப்பைத் தொட 5 வருடம் ஆகும். ஆகட்டுமே! அவள் முகத்தில் இரத்தம் ஊறிவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. சடை நீளுவதை அவள் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.