ஓரத்தில் நிற்கும் பையன்

ஞாயிறு மாலைகளில் ரயில்வே காலனி மைதானத்தில் நம் சங்கத்து இளைஞர்கள் ஆடும் கால்பந்தாட்டத்தை அன்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். சென்ற மாதம் ஓர் ஆட்டத்தில் நாம் ஒரு சிறு கணக்கு எடுத்தோம். முற்பாதி முழுவதிலும் 'லெப்ட் அவுட்' பையனிடம் பந்து வந்தது மூன்றே முறை. நடுவிலோ பத்துப் பேர் ஒரே பந்தைச் சுற்றி நெருக்கியடித்தனர். நம் கோஷ்டி ஒரு கோலும் போடாமல் தோற்றது.

கோலுக்கு நேர்வழி நடுவழியே. ஓரத்துக்கு அனுப்பினால் பந்து பறிபோகும் என்பார் சிலர். ஓரளவு மெய்தான். ஆயினும் எல்லா வண்டிகளையும் ஒரே லைனில் விட்டால் ஜங்ஷன் என்னாகும் என்பது நம்மவர்க்குத் தெரியாததன்று. பந்து ஓரத்துக்குப் போனால் எதிரியின் பின்வரிசையினர் அதை நாடி விலகியாக வேண்டும். அவர்கள் விலகிய இடமே நடுவில் நிற்பவனுக்கு வழி.

நம் நாட்டுக் கோஷ்டியே இதற்குச் சான்று. 1962-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்ற இந்தியா, இறுதியாட்டத்தில் அதே கொரியாவை 2-1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அன்று பயிற்சியாளர் ரஹீமின் கோஷ்டியில் வலது ஓரம் பி. கே. பானர்ஜி, இடது ஓரம் துளசிதாஸ் பலராம். முதல் கோல் பானர்ஜியுடையது. மற்றதைப் போட்டவர், தலைக் காயத்துடன் நடு முன்வரிசைக்கு வந்த பின்வரிசை வீரர் ஜர்னயில் சிங். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் ஹங்கேரிக்கு எதிராகப் பலராமும் பிரான்சுக்கு எதிராகப் பானர்ஜியும் கோல் போட்டனர்.

பானர்ஜி ஈஸ்டர்ன் ரயில்வே ஆட்டக்காரர். பலராமோ செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். பானர்ஜி 2020-லும் பலராம் 2023-லும் மறைந்தனர்.

அன்று ஆட்டம் முடிந்ததும் நம் லெப்ட் அவுட் பையன், "அடுத்த வாரம் நான் வரவில்லை, மாமா" என்றான். திருநெல்வேலியிலிருந்து வந்து நான்கு மாதமே ஆனவன். இந்தி இன்னும் பிடிபடவில்லை. இம்மைதானத்தை விட்டால் அவனுக்கு வேறு தோழமை இல்லை. நாம் கோஷ்டித் தலைவனிடம் பேசினோம். பையனிடமும், பந்து வரும் வரை நின்ற இடத்தில் நில்லாமல், வெற்றிடம் தேடி ஓடிக் கேட்கச் சொன்னோம்.

மறு ஞாயிறு அவன் வந்தான். முற்பாதியில் பதினொரு முறை பந்து பெற்றான்; நான்கு முறை பறிகொடுத்தான். ஒரு முறை அவன் உயர்த்தி அனுப்பிய பந்து கோலாயிற்று. ஆட்டம் சமமாக முடிந்தது. இவ்வாரமும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.