ஆடிப்பட்டச் சுரையும் காலைச் சாறும்

ஆடி பிறந்துவிட்டது. கூடலூர் முதல் சின்னமனூர் வரை, வீட்டின் பின்புறம் நான்கடி நிலம் உள்ளவர்கள்கூடக் குழியெடுத்துத் தொழுவுரமிட்டுச் சுரை, பாகல், பீர்க்கு, புடலை விதைகளை ஊன்றத் தொடங்கியிருப்பார்கள். நீரிழிவுக்காக எங்களிடம் வருவோரில் பலர், "இனிக் கடையில் காய் வாங்கப் போவதில்லை" என்று பெருமையோடு கூறுவதுண்டு. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அவர்களில் சிலர் தோட்டத்துச் சுரைக்காயைக் காலையில் வெறும் வயிற்றில் சாறாக அருந்துகிறார்கள். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

ஆடியில் வெண்டை விதைத்தால் ஏறக்குறைய 45 நாளில் காய் பறிக்கலாம். சுரைக்கும் பாகலுக்கும் இரண்டு மாதம் ஆகும். ஆகவே புரட்டாசியில் பந்தல் நிறையக் காய் தொங்கும். இடைப்பட்ட இந்த இரண்டு மாதங்கள்தாம் நம் பள்ளத்தாக்கில் கடினமானவை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டித் தீர்க்கிறது. குமுளியைக் கடந்து நம்மிடம் வருவது பெரும்பாலும் சாரலும் காற்றுமே. நமக்கு நல்ல மழை ஐப்பசியில்தான். அதுவரை காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாமோ ஒருநாள் நீர் ஊற்றி, மூன்று நாள் மறந்துவிடுகிறோம்.

சுரைக்கொடிக்கு இந்த வாட்டம் ஒத்துக்கொள்வதில்லை. சுரை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றின் குடும்பத்துக்குக் 'குக்கர்பிட்டாசின்' என்னும் கசப்பு நஞ்சை உண்டாக்கும் திறன் இயல்பிலேயே உண்டு. தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும் விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. நாம் உண்ணும் வகைகளில் அது மிகக் குறைவு. கடும் வெயில், நீர்ப்பற்றாக்குறை போன்ற இடர்கள் நேரும்போது அது கூடக்கூடும். விதை வழியாகவும் வரும். வேலியோரத்துப் பேய்ச்சுரையின் மகரந்தம் பூச்சிகளால் வீட்டுச் சுரையின் பூவில் சேர்ந்தால், அவ்வாண்டுக் காயில் ஒன்றும் தெரியாது. அதன் விதையை மறு ஆடியில் ஊன்றும்போது கசப்புக்காய் காய்க்கலாம். பக்கத்து வீட்டார் அன்போடு தந்த விதையிலும் இது நேரக்கூடும். வெளித்தோற்றத்தில் நல்ல காய்க்கும் நச்சுக்காய்க்கும் வேறுபாடு இராது. நாக்கு ஒன்றே கருவி.

2010ஆம் ஆண்டில் தில்லியில் அறிவியலாளர் ஒருவர் சுரைச்சாற்றையும் பாகற்சாற்றையும் கலந்து அருந்தி உயிரிழந்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. சாறு பிழியும் முன் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்கவேண்டும், கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடவேண்டும், பிற சாறுகளோடு கலக்கலாகாது என்பவை அக்குழுவின் அறிவுரைகள். கலக்கலாகாது என்பதன் காரணம் எளிது: பாகலின் கசப்பு எதிர்பார்த்த கசப்பு, அதற்குள் சுரையின் கசப்பு மறைந்துவிடும். "மருந்து என்றால் கசக்கத்தானே செய்யும்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடும் நம் வழக்கமும் இங்கே பகையாகிறது. வேகவைத்தாலும் இந்நஞ்சு அழிவதில்லை. ஆகவே கசந்த காய் கூட்டுக்கும் ஆகாது.

நஞ்சு உட்சென்றால் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு தோன்றும். குடற்சுவர் புண்ணாகி இரத்த வாந்தியும் வரலாம். இரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதற்கென முறிமருந்து இல்லை. சிரை வழியே நீர்மம் செலுத்தி இரத்த அழுத்தத்தைக் காப்பதே சிகிச்சை. ஆகவே எவ்வளவு விரைவில் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம். மோரும் எலுமிச்சையும் கொடுத்து மாலைவரை காத்திராதீர்கள். சுரைச்சாறு குடித்ததை வந்தவுடன் கூறிவிடுங்கள். நாங்களாக ஊகிக்க நேரம் பிடிக்கும்.

பாகற்சாறு பற்றியும் ஒரு சொல். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்போரும் இன்சுலின் போடுவோரும் அதைத் தினமும் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கக்கூடும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, உண்ணாமல், "இரண்டு பாத்தி கொத்திவிட்டு வருகிறேன்" என்று தோட்டத்தில் இறங்குவோருக்கும் அதே நிலைதான். வியர்வையும் நடுக்கமும் தோன்றினால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒருமுறை. மடியில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருப்பது நல்லது.

சாறாக அன்றிப் பொரியலாகவும் கூட்டாகவும் உண்ணும்போது நார்ச்சத்து முழுவதும் கிடைக்கிறது. சமைக்கும்போது ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கமும் நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டு. சாறு பிழியும் இயந்திரம் வந்தபின் விடுபட்டுப்போனது அந்த ஒரு துண்டுதான்.