என் ஐபி முகவரியில் இன்னும் யாரெல்லாம்?

கடந்த தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அம்மாவின் முறுக்கு வியாபாரக் கணக்கைத் திறந்தேன். ‘சந்தேகத்திற்குரிய நடவடிக்கை காரணமாக இக்கணக்கு பூட்டப்பட்டுள்ளது’ என்று வந்தது. பதறிப்போய் அடுத்ததைத் திறந்தேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் பக்கம், அதுவும் பூட்டு. தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் பக்கம், என் சொந்தக் கணக்கு, எல்லாமே பூட்டு. ஒரே காலையில் நான்கு!

ஏன் நான்கு கணக்கு என்று கேட்பீர்கள். கோலக்கெட்டில் பக்கம் தோட்டத்தில் பிறந்து, வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போனவர்களுக்கு இது புரியும். பாரம் நிரப்புவதிலிருந்து திருவிழா நேரலை வரை எல்லாம் நம் தலையில்தான். “நீதான் படிச்ச பிள்ளையாச்சே” என்று சொல்லிக் கடவுச்சொல்லைத் தாளில் எழ்திக் கையில் கொடுத்துவிடுவார்கள். அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் சுங்கைப்பட்டாணி, கூலிம், பட்டர்வொர்த் வரை போவது அந்தக் கணக்கை நம்பித்தான். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரத்தில் வரும் பணத்தில்தான் என் அடுத்த பருவத்துச் செலவு ஓடும்.

நான் செய்த காரியம் பிறகுதான் நினைவுக்கு வந்தது. முதல் நாள் இரவு, இங்கே பார்க்க முடியாத ஒரு படத்துக்காக இலவச விபிஎன் ஒன்றைப் போட்டிருந்தேன். படம் முடிந்தது. விபிஎன்னை நிறுத்த மறந்துவிட்டேன். அப்படியே நான்கு கணக்கிலும் மாறி மாறி நுழைந்து தீபாவளி வாழ்த்துப் படம் மாற்றினேன். பத்து நிமிட வேலை. தளத்தின் கண்ணால் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? தினமும் கெடாவிலிருந்து வரும் நான்கு கணக்குகள் நள்ளிரவில் ஐரோப்பாவில் உள்ள ஏதோ ஒரு தரவு மையத்திலிருந்து வரிசையாக நுழைகின்றன. காரணத்தைத் தளம் சொல்லவில்லை. ஆனால் நானே காவலாளியாக இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பேன்.

விடுதியில் கணினித்துறை அக்கா ஒருவர் கேட்ட முதல் கேள்வி: “பாஸ்வர்ட விடு. உன் ஐபி யாரோடது, அதப் பார்த்தியா?”

என் ஐபி என்னுடையதுதானே என்று நினைத்தேன். இல்லையாம்.

எங்கள் தோட்டத்தில் லயத்து வீடுகள் அத்தனைக்கும் ஒரே அஞ்சல் முகவரிதான். கடிதமெல்லாம் ஆபீசுக்கு வரும். கிராணி பெயரைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். தாத்தா ஒரு கதை சொல்வார். ஒருவர் மோட்டார் சைக்கிள் தவணை கட்டாமல் ஓடிப்போனார். அதன்பிறகு அந்த முகவரியைச் சொன்னாலே பட்டணத்துக் கடையில் யாருக்கும் தவணைக்குச் சாமான் தரமாட்டார்களாம். கைப்பேசி இணையமும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில், நம் வட்டாரத்துக்கு முகவரி வழங்கும் ஏப்னிக் அமைப்பும் கடைசித் தொகுதிக்கு வந்து, அளந்து கொடுக்கத் தொடங்கியது. அதனால் தொலைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைக்கின்றன. வை-ஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசி அமைப்பில் உங்கள் ஐபியைப் பாருங்கள். 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணிலோ தொடங்கினால் நீங்களும் லயத்து வீட்டில்தான் இருக்கிறீர்கள். அந்த முகவரியில் முன்பின் தெரியாத ஒருவர் போலிக் கணக்குகளை ஓட்டினால் கெட்ட பெயரில் உங்களுக்கும் பங்கு உண்டு.

ஒரு நாடே இப்படி மாட்டிக்கொண்ட கதை உண்டு. அப்போது கத்தார் நாட்டு இணையப் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் ஒரே ஐபி முகவரி வழியாகத்தான் வெளியே போனது. யாரோ விக்கிப்பீடியாவில் விஷமம் செய்ய, 2006 டிசம்பர் கடைசியில் ஒரு நிர்வாகி அந்த முகவரியைத் தடுத்தார். கணக்கில்லாமல் திருத்த வந்த கத்தார்வாசிகள் எல்லாரும் வெளியே நின்றார்கள். சில மணி நேரத்தில் தவறு புரிந்து தடை நீக்கப்பட்டது.

சோதிப்பது கடினமில்லை. ‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடினால் உங்கள் பொது முகவரி வரும். அதை ஏதாவது ஓர் ஐபி தகவல் தளத்தில் இட்டால் அது எந்த நிறுவனத்தின் பெயரில் உள்ளது, வீட்டு இணைப்பா, கைப்பேசி இணைப்பா, தரவு மையமா என்று தெரியும். எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. ஊர்ப்பெயர் தவறாக வந்தால் பதற வேண்டாம். தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சில நாள் பினாங்கு காட்டும், சில நாள் கோலாலம்பூர் காட்டும். நிறுவனத்தின் வெளிவாசல் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நாடே மாறியிருந்தால் நுழையாதீர்கள். அடுத்து, அந்த முகவரி மீது புகார் உண்டா என்று அபியூஸ்ஐபிடிபி, ஸ்பேம்ஹவுஸ் போன்ற தளங்களில் பார்க்கலாம். இங்கே நான் ஏமாந்தேன். வீட்டு இணைய முகவரி ஸ்பேம்ஹவுஸ் பட்டியலில் சிவப்பாக நிற்கக் கண்டு அரைமணி நேரம் அழாத குறை. பிறகுதான் அது பிபிஎல் என்ற பட்டியல் என்று தெரிந்தது. வீட்டு இணைப்புகள் நேரடியாக மின்னஞ்சல் சேவையகம்போல் அஞ்சல் அனுப்பக்கூடாது என்பதற்கான பட்டியல் அது. குற்றம் செய்ததால் வருவதல்ல. நம் வீடுகளில் பெரும்பாலானவை அதில் இருக்கக்கூடும். சிவப்பைப் பார்த்ததும் எந்தப் பட்டியல் என்று படியுங்கள். ஒரு தளம் தரும் மதிப்பெண் இன்னொரு தளத்தில் தலைகீழாக இருப்பதும் சகஜம்.

ஐபி சுத்தமாக இருந்தாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். எந்தக் கருவி, எந்த உலாவி, எந்த வேகத்தில் மாறி மாறி நுழைகிறீர்கள் என்பதையும் தளங்கள் கவனிக்கின்றன.

இதற்கிடையே வகுப்புப் புலனக் குழுவில் ஒருவர் வழி சொன்னார். மாதம் முப்பது ரிங்கிட் கட்டினால் ‘சுத்தமான வீட்டு ஐபி’ வாடகைக்குக் கிடைக்குமாம், கணக்குக்கு ஒன்று. கை அரித்தது உண்மை. அக்காதான் நிறுத்தினார்: “சரி, அது யார் வீடு?”

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் 911 எஸ்5 பற்றிப் படித்தேன். 2024 மே மாதம் சீன நாட்டவர் ஒருவர் நம் பக்கத்துச் சிங்கப்பூரில் கைதானார். மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், ஷீல்ட்விபிஎன் போன்ற இலவச விபிஎன்களை விண்டோஸ் கணினிகளில் இறக்கியவர்களின் வீட்டு இணைப்பு, அவர்களுக்கே தெரியாமல் வாடகைக்கு விடப்பட்டது என்பது வழக்கு. அமெரிக்க நீதித்துறை சொன்ன கணக்கு 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள், ஏறக்குறைய 200 நாடுகளில். வாடகைக்கு எடுத்தவர்கள் அந்த வீடுகளின் பெயரில் பண மோசடியிலிருந்து வெடிகுண்டு மிரட்டல் வரை செய்தார்களாம். வாடகை ஐபி விற்கும் எல்லாரும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் முப்பது ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் அந்தச் ‘சுத்தம்’ ஏதோ ஓர் அம்மாவின் வீட்டு மோடமாக இருக்கலாம் என்று தோன்றிய பிறகு கட்ட மனம் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனதும் தம்பியின் பழைய மடிக்கணினியைத்தான் முதலில் திறந்தேன். இரண்டு இலவச விபிஎன்கள். “கேம் விளையாடத்தான்க்கா” என்றான். இரண்டையும் நீக்கிவிட்டு மோடத்தின் கடவுச்சொல்லையும் மாற்றினேன். இப்போது நான்கு கணக்கையும் நான் ஒருத்தியே சுமப்பதில்லை. நிர்வாகி உரிமையைப் பிரித்துக் கொடுத்தாயிற்று. அவரவர் சொந்தக் கணக்கில், அவரவர் கைப்பேசியில் நுழைகிறார்கள். மீட்பு எண் யாருடையது என்பதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

அந்த மீட்பு எண் விஷயத்தில் எனக்கு இன்னும் உறுத்தல் இருக்கிறது. அம்மாவின் கணக்கு அடையாள அட்டைப் படம் அனுப்பி ஐந்தாம் நாள் திரும்பியது. பள்ளிப் பக்கமும் என்னுடையதும் அதற்கு முன்பே வந்துவிட்டன. கோயில் பக்கம் வரவே இல்லை. அதன் மீட்பு எண் முன்னாள் செயலாளர் ஒருவருடையது. அந்த எண் எப்போதோ செத்துப்போயிருந்தது. எட்டு வருடத் திருவிழாப் படங்கள், இப்போது உயிரோடு இல்லாத சிலர் காவடியோடு நிற்கும் படங்கள், எல்லாம் அதில்தான் இருந்தன. தலைவர் என்னைத் திட்டவில்லை. “யாராவது போன்ல வச்சிருப்பாங்கம்மா, கேட்டுப் பார்க்கலாம்” என்றார். வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை நாற்பத்தொரு படம் சேர்ந்திருக்கிறது.

கணக்கு பூட்டிக் கிடந்த ஐந்து நாளும் அம்மா ஆர்டரை 555 புத்தகத்தில் எழுதினார். இப்போதும் இணையத்தில் வருவதை அதில் ஒரு தடவை எழுதிக்கொண்டுதான் மாவு பிசைகிறார்.